அம்மா என்ற சொல்லுக்குத் தாய்மொழி கிடையாது

கொரியாவில் தாயை ‘ஓம்மா’ என்றும் தந்தையை ‘ஆப்பா’ என்றும் கூப்பிடுகிறார்கள்; ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது. சுமேரியத்தில் தாய்க்கு ‘அமா’ என்று பெயர். ஆகவே சுமேரியர் தமிழர். ஆங்கிலத்தில் ‘மம்மி’, சீனத்தில் ‘மாமா’, அரபியில் ‘உம்மு’. ஆகவே தாயை அழைக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது தமிழ். பட்டிமன்ற மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளிலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். மறுத்துப் பேசுபவர் மொழிப்பற்று இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

நான் மறுக்கிறேன். ‘அம்மா’ என்ற சொல் எந்த இரண்டு மொழிகளின் உறவுக்கும் சான்று ஆகாது. அதைச் சான்றாக நிறுத்துபவர்கள், தமிழ் தனித்து நிற்கும் மொழி என்பதை உலகுக்கு மெய்ப்பித்த முறையையே தங்கள் கையால் உடைக்கிறார்கள். இந்த இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் எனக்குப் பெரிது. ஆனால் முதலாவதை முடிக்காமல் அதற்குப் போக முடியாது.

கொரியாவுக்குப் போகுமுன் மங்களூர் வரை போய் வருவோம். அங்கே பேசும் துளு, தமிழுக்கு உறவுமொழி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. திராவிடக் குடும்பத்தில் தமிழ், மலையாளம், கன்னடத்தோடு ஒரே கிளையில் வைத்து எண்ணப்படும் மொழி அது. துளுவில் ‘அப்பெ’ என்றால் தாய். ‘அம்மெர்’ என்றால் தந்தை. மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உடுப்பியிலும் மங்களூரிலும் காசர்கோட்டின் வடபகுதியிலும் துளுவைத் தாய்மொழியாகக் கொண்ட யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நமக்கு அப்பா எனக் கேட்கும் ஒலி அவர்களுக்குத் தாய்; நமக்கு அம்மா எனக் கேட்கும் ஒலி அவர்களுக்குத் தந்தை. நெருங்கிய உறவுமொழியில் பொருள் தலைகீழாகக் கிடக்க, ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சியோலில் பொருள் பொருந்தி வருகிறது. ஒலியும் பொருளும் ஒத்துப்போவதுதான் உறவின் அடையாளம் என்றால் கொரியர் நம் உடன்பிறந்தார், துளுவர் அந்நியர் என்று ஆகும். அந்த அளவுகோல் பழுதானது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

துளுவோடு இது முடியவில்லை. காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் தந்தை. தாய்க்கு அவர்கள் சொல் ‘தேதா’. நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் பிட்ஜன்ஜாரா பேசும் தொல்குடிகளுக்கும் ‘மாமா’ தந்தைதான். சீனக் குழந்தைக்கு அது தாய். நமக்கும் இந்திக்காரர்களுக்கும் தாயின் உடன்பிறந்தான். துருக்கியில் ‘மாமா’ என்பது கைக்குழந்தைக்கு ஊட்டும் உணவு. இனி, தமிழின் நேர் வாரிசு என்று மேடைகளில் காட்டப்படும் ‘அமா’வைப் பார்ப்போம். சுமேரியத்தில், பாஸ்க் மொழியில், திபெத்தியத்தில் அது தாயைக் குறிப்பது உண்மை. பிலிப்பைன்ஸின் தகாலோகு மொழியிலோ ‘அமா’ தந்தை, ‘இனா’ தாய். அது ஒரு தீவின் வழக்கு அன்று. தைவானின் பழங்குடி மொழிகள் தொடங்கிப் பசிபிக் கடல் நெடுகப் பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனீசியக் குடும்பம் முழுவதற்கும் அந்த ‘அமா’ பழைய சொத்து. சமோவாவில் அது ‘தமா’ என்று முன்னொட்டோடு நிற்கிறது, பொருள் அதே தந்தை. சீனத்தின் வடகிழக்கே இருந்த மஞ்சு மொழியிலும் ‘அமா’ தந்தைதான். சுமேரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிலிப்பைன்ஸை விட்டுவிடுவது ஆராய்ச்சி ஆகாது. தனக்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றி, வேண்டாதவரை நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை அது.

தமிழுக்குள்ளேயே பாருங்கள். தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் ‘அத்தா’ தந்தை. தென்மாவட்டங்களில் ‘ஆத்தா’ தாய். கொங்குநாட்டில் பாட்டியையும் அப்படி அழைக்கிறார்கள். பழைய இலக்கியத்தில் ‘அத்தன்’ தந்தை. இன்று ‘அத்தை’ தந்தையின் உடன்பிறந்தாள். ‘ஆச்சி’ திருநெல்வேலியில் பாட்டி, செட்டிநாட்டில் மதிப்புக்குரிய பெண் யாரும். யாழ்ப்பாணத்தில் ‘அப்பு’ என்றால் சில வீடுகளில் தந்தை, சில வீடுகளில் பாட்டன். ‘தாத்தா’ நமக்குப் பாட்டன். பக்கத்துச் சிங்களத்தில் தந்தை. ருமேனியாவில் ‘தாதா’ தந்தை. வேல்ஸ் நாட்டில் ‘தாத்’ தந்தை. ஒரே நிலத்தில் ஒரே மொழி பேசுபவர்களிடமே இந்த ஒலிகள் உறவுவிட்டு உறவு தாவுகின்றன. இவற்றைப் பிடித்துக்கொண்டு கண்டம்விட்டுக் கண்டம் போக முடியுமா?

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1850-களிலேயே ஜெர்மன் அறிஞர் புஷ்மன் இது பற்றி எழுதினார். 1959-இல் மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். தாய்க்கு 531, தந்தைக்கு 541. அவற்றை வைத்து ரோமன் யாக்கோப்சன் அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை மொழியியலில் இன்றும் அடிப்படைப் பாடம். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடு ம, ந, ங போன்ற மூக்கொலிகளைக் கொண்டவை. தந்தையைக் குறிப்பவற்றில் அவை 15 விழுக்காடுதான். இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததில்லை. எந்த ஒரு மொழியும் போய் விதைத்ததாலும் வந்ததில்லை. அதன் காரணம் குழந்தையின் வாயில் இருக்கிறது.

பச்சிளங்குழந்தைக்கு எளிதாக வருவது இதழை மூடித் திறக்கும் ஒலி. வாயைத் திறந்தால் ‘ஆ’. மூடித் திறந்தால் ‘மா’ அல்லது ‘பா’. முலை வாயில் இருக்கும்போது இதழ் மூடியிருக்கும், மூச்சு மூக்கு வழியே வரும். அப்போது எழக்கூடிய முனகல் ‘ம்’ ஒன்றுதான். பால் குடித்து முடிந்த பிறகும், பசித்தபோதும், தாயைக் காணாதபோதும் அதே முனகல் தொடர்கிறது. நம் வீடுகளில் சோறூட்டும்போது ‘மம்மு’, ‘மம்மம்’ என்கிறோமே, துருக்கியரின் ‘மாமா’வும் அதே இடத்தில் பிறந்ததுதான். லத்தீனில் ‘மம்மா’ என்றால் கொங்கை. குழந்தை யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிக்குப் பொருள் தருபவர்கள் பெரியவர்கள். ‘என்னைத்தான் கூப்பிடுகிறது’ என்று தாய் மகிழ்ந்தால் அது தாய்க்குப் பெயர் ஆகிறது. ஜார்ஜியாவில் எப்போதோ தந்தை மகிழ்ந்திருக்கிறார். மூக்கொலி பெரும்பாலும் தாய்ப்பக்கம் சாய்வதற்கும், ஆனால் எல்லா இடத்திலும் சாயாமல் இருப்பதற்கும் இந்த ஒரே விளக்கம் போதுமானது. ‘தமிழிலிருந்து பரவியது’ என்ற விளக்கத்தால் ஜார்ஜியாவையும் சமோவாவையும் துளுவையும் என்ன செய்ய முடியும்?

கன்றுக்குட்டி ‘அம்மா’ என்று தமிழில் கத்துகிறது என்று சொல்பவர்கள் தாங்கள் அறியாமலே இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறார்கள். மாட்டின் குரலை ஆங்கிலக் குழந்தை ‘மூ’ என்று சொல்லிப் பழகுகிறது, ஜப்பானியக் குழந்தை ‘மோ’ என்று. மூடிய வாய் திறக்கும்போது மகரம் எழுகிறது, அவ்வளவுதான். கன்றின் தொண்டைக்குத் தமிழும் தெரியாது, ஜப்பானியமும் தெரியாது.

இன்னொரு வாதம் ஆசிரியர்களாலேயே வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது: அ உயிர், ம் மெய், மா உயிர்மெய், மூவகை எழுத்தும் கொண்ட இந்த அமைப்பு வேறு எந்த மொழியின் தாய்ச்சொல்லுக்கும் இல்லை என்பது. தெலுங்கில், கன்னடத்தில், மலையாளத்தில், சிங்களத்தில் ‘அம்மா’ என்பதன் ஒலியமைப்பு எதில் வேறுபடுகிறது? தமிழுக்குள்ளும் அப்பா, அக்கா, அத்தை, எட்டு, ஒட்டு, இச்சை எல்லாம் அதே உயிர், மெய், உயிர்மெய் வரிசையில்தான் நிற்கின்றன. இரட்டிப்பு வரும் நூற்றுக்கணக்கான சொற்களின் பொதுவான அமைப்பை ஒரு சொல்லின் தனிப்பெருமையாகக் காட்டுவது, பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பிப்பது ஆகாது. இலக்கணத்தைக் கவனிக்காமல் இருக்கக் கற்பிப்பது.

‘குழந்தை வாயில் இயல்பாக வருவதுதான் என்றாலும் முதலில் அதைச் சொல்லாக்கியது தமிழாக ஏன் இருக்கக் கூடாது?’ என்று சிலர் கேட்பார்கள். மழலைச் சொற்கள் ஒரு முறை பிறந்து வழிவழியாக வருவன அல்ல என்பதே இதற்கு விடை. அவை அழிந்தாலும் மாறினாலும் திரும்பத் திரும்பப் பிறக்கின்றன. இதற்கு இரண்டு மொழிகள் தெளிவான சாட்சி. இந்தோ-ஐரோப்பியத்தின் பழைய தந்தைச்சொல்லில் பகரம் முதலில் நின்றது. லத்தீனில் ‘பாத்தர்’, சமஸ்கிருதத்தில் ‘பித்ரு’. ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பகரம் ‘ஃப’ ஆகத் திரிந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆயிற்று. இந்தத் திரிபின் விதியை யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துச் சொன்னார். சொல் இப்படி வாயைவிட்டு விலகிப் போன பிறகு என்ன நடந்தது? ‘டாட்’ என்று புதிதாக ஒன்று முளைத்தது. பிரெஞ்சிலிருந்து ‘பப்பா’ வந்து சேர்ந்தது. ஜப்பானியம் இன்னும் வியப்பானது. அங்கே பழைய ‘பாபா’ என்ற சொல் ‘ஃபாஃபா’ ஆகி, பிறகு ‘ஹாஹா’ ஆயிற்று, பொருள் தாய். பகரம் ஹகரமாகப் போன அந்தப் பாதை ஜப்பானிய மொழியெங்கும் காணப்படுவது. இன்றைய ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஹாஹா வாயில் வருவதில்லை; ‘மாமா’, ‘பாபா’ என்ற புதிய சொற்களை மேற்கிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார்கள். இப்படிச் சில நூற்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிறவி எடுக்கும் சொல்லை வைத்து ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய குடிப்பெயர்ச்சியை எப்படி அளப்பது?

மழலைச் சொல் கடனாகப் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஃபின்னிஷ் மொழியின் ‘ஐத்தி’, அதாவது தாய், பழைய ஜெர்மானியத்திலிருந்து வாங்கியது. நம் நகரங்களில் மம்மியும் டாடியும் எப்படி வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் ‘அம்மா’ இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு அக்கம்பக்கம் வாழ்ந்த மொழிகள் என்பதால் அங்கே தமிழ்த் தொடர்பைத் தேடுவது நியாயம், பாலி மொழியிலும் ‘அம்மா’ உண்டு என்பதையும் உடன்வைத்து. தொடர்பு இருந்ததற்கு வேறு சான்று இருந்தால் இந்தச் சொல்லும் பின்னால் வந்து நிற்கலாம். முன்னால் நின்று வழக்காட அதற்குத் தகுதி இல்லை.

கொரியத்தின் மற்ற சொற்களுக்கு வருகிறேன், ஏனெனில் ‘அம்மா அப்பா மட்டுமா, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன’ என்பது அடுத்த பதில். இந்த எண்ணம் புதிதல்ல. சியோலில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கண நூலே எழுதினார். அவர் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியாது. மேடைகளில் முதலில் வரும் எடுத்துக்காட்டு ‘நீ’. கொரியப் பேச்சில் ‘நீ’ என்றால் நீதான். ஆனால் எழுத்தில் அது ‘நோ’. ‘உன்’ என்பதற்கு ‘நே’. ‘என்’ என்பதற்கான சொல்லும் இதுவும் சியோல் பேச்சில் உயிரொலி மயங்கி ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கியதால், குழப்பம் நீங்க மக்கள் ‘நீ’ என்று மாற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். அண்மைக் காலத்து மாற்றம் அது. மறுபுறம் சீனத்திலும் ‘நீ’ என்றால் நீ. வட அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மொழியிலும் ‘நி’ என்றால் நீ. மூவரும் தமிழர் என்று சொல்லத் துணிபவர் உண்டா?

அடுத்தது ‘புல்’. கொரியத்தில் ‘புல்’ என்றால் நம் புல்தான். கேட்கும்போது மனம் துள்ளும். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் கொரியர் தங்கள் எழுத்தை உருவாக்கி எழுதிய நூல்களில் அந்தச் சொல் வேறு உயிரோடு இருக்கிறது; நம் குற்றியலுகரம் போல இதழ் குவியாத உயிர். இதழொலிக்குப் பின்னால் அந்த உயிர் இதழ் குவிந்த உகரமாக மாறியது சில நூற்றாண்டு கழித்து. தண்ணீரைக் குறிக்கும் ‘மூல்’, நெருப்பைக் குறிக்கும் ‘பூல்’ ஆகியவற்றிலும் இதே மாற்றம்தான் நடந்தது. அதாவது, பின்னோக்கிப் போகப் போக அந்தச் சொல் தமிழை நெருங்காமல் விலகுகிறது. மெய்யான உறவு என்றால் பழைய வடிவங்கள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இன்றைய வடிவம் மட்டும் ஒத்திருந்தால் அதற்குப் பெயர் தற்செயல். ஆஸ்திரேலியாவின் வட குவின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்றொரு மொழி இருந்தது. அதில் நாயைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தைப் போலவே ‘டாக்’. அதைப் பதிவு செய்த மொழியியலாளர் டிக்சன் ஆங்கிலத்தோடு அதை முடிச்சுப் போடவில்லை. பக்கத்து யிடிஞ் மொழியின் ‘குடகா’வைப் பார்த்தார், முதல் அசை உதிர்ந்து, உயிர் திரிந்து, ஈறு கெட்டு அது ‘டாக்’ ஆனதைப் படிப்படியாகக் காட்டினார். அதே மாற்றங்கள் அம்மொழியின் மற்றச் சொற்களிலும் இருந்தன. இப்படிச் செய்வதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

தமிழ்நாட்டிலிருந்து போனதாகச் சொல்லப்படும் கொரிய அரசியின் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 13-ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்ற துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’வில், அயுத்தா நாட்டிலிருந்து கடல் வழியே வந்து கொரியாவின் கயா அரசரை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் பற்றிய செய்தி இருக்கிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின் எழுதப்பட்டது. அந்த அயுத்தா நம் ஆய் நாடு என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்கள். அது அயோத்தி என்று வடக்கே சொல்கிறார்கள். 2001-இல் அயோத்தியில் அரசிக்கு நினைவிடமே அமைந்துவிட்டது. ஒலி ஒத்தால் போதும் என்ற விதியை ஏற்றுக்கொண்டபின், அயோத்திக்காரரை மறுக்க நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது?

இந்தக் கேள்விதான் என் இரண்டாவது குற்றச்சாட்டின் மையம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேரி, கோல்புரூக் போன்ற பெரும் சமஸ்கிருத அறிஞர்கள் தென்னாட்டு மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்றே எழுதினார்கள். அவர்களிடம் சொல்லொப்புமைப் பட்டியல் இருந்தது, நீளமாகவே இருந்தது. சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816-இல் அதை மறுத்து எழுதினார். எதை வைத்து மறுத்தார்? எந்தச் சொற்கள் ஒத்து ஒலிக்கின்றன என்பதை வைத்து அல்ல. கடன்சொற்களைக் கழித்தார், தெலுங்கு, தமிழ், கன்னட வினைவேர்களை வரிசையாக நிறுத்தினார், அவை தமக்குள் ஒத்து, சமஸ்கிருத வேர்களோடு ஒவ்வாமல் நிற்பதைக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை இலக்கணம் முழுமைக்கும் விரித்தார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று இன்று யாரும் மறுக்க முடியாதபடி நிற்கிறது என்றால், ‘ஒலி ஒத்தால் உறவு’ என்ற விதியை அவர்கள் தூக்கி எறிந்ததால்தான்.

அந்த விதியை இப்போது நாமே குப்பையிலிருந்து எடுத்து வருகிறோம். ‘ஓம்மா’ தமிழென்றால், ‘அம்மா’ சமஸ்கிருத ‘அம்பா’விலிருந்து வந்தது என்பவரை எந்த வாயால் மறுப்பது? அவரும் ஒலியைத்தானே காட்டுகிறார்? நீர், மீன் என்பவை தமிழா வடமொழியா என்று நெடுங்காலம் வழக்கு இருந்தது. சமஸ்கிருதத்தில் ‘நீர’, ‘மீன’ உண்டு. அவை திராவிடத்திலிருந்து அங்கே போனவை என்று மொழியியல் முடிவு கட்டியது எப்படி? திராவிட மொழிகள் பலவற்றிலும் அவை வேரூன்றிக் கிடக்கின்றன; ஐரோப்பிய உறவுமொழிகளில் அவற்றுக்கு இணை இல்லை. முறை நம் பக்கம் நின்றது, வென்றோம். முறையைக் கைவிட்டால் அடுத்த வழக்கில் எது நம் பக்கம் நிற்கும்? பாவாணர் போன்ற பேருழைப்பாளர்கள் தமிழை உலக முதன்மொழி என நிறுவ முயன்றபோது அவர்களுக்கு இருந்த சினத்தையும் அதற்கான வரலாற்றுக் காரணத்தையும் நான் அறிவேன். அந்தச் சினம் நியாயமானது. அதனால் அந்த முடிவு நியாயம் ஆகிவிடாது.

உறவு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர் கன்னடத்தைப் பார்க்கட்டும். நம் பால் அங்கே ஹாலு; பல், ஹல்லு; புலி, ஹுலி; பத்து, ஹத்து; பாம்பு, ஹாவு. ஒன்று இரண்டல்ல, சொல் முதல் பகரம் வரிசையாக ஹகரம் ஆகியிருக்கிறது. பலுசிஸ்தானத்தில் பேசும் பிராகுயியில் நம் கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’, செவி ‘ஃகஃப்’. கடைசிச் சொல்லைக் கேட்டு யாரும் செவி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கன்னடத்தின் ‘கிவி’யை நடுவில் வைத்தால் புலப்படும்: பழைய ககரம் தமிழில் சகரமாகத் திரிந்தது, பிராகுயியில் தொண்டைக்குள் போயிற்று. ஒத்து ஒலிக்காத சொற்கள் உறவாகவும், ஒத்து ஒலிப்பவை அந்நியமாகவும் இருப்பது இந்தத் துறையில் அன்றாடம் காண்பது. இங்கே தமிழ்தான் மாறியது, கன்னடம் பழையதைக் காத்தது என்பதையும் பெருமனத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு என்ற எண்ணுக்குக் கோண்டியில் ‘சாருங்’ என்கிறார்கள். சொல்முதல் சகரத்தை இழந்தது நாம்.

அந்த இழப்பைப் புரிந்துகொண்டால்தான் இஞ்சியின் கதை விளங்கும். தமிழிலிருந்து உலகுக்குப் போன சொல் வேண்டுமென்றால் இது இருக்கிறது. இஞ்சி, பழைய வடிவில் சகரத்தோடு தொடங்கிய சொல். வேர் என்ற சொல்லும் சேர்ந்து, பாலியில் ‘சிங்கிவேர’ ஆயிற்று. அங்கிருந்து கிரேக்கத்தின் ‘ஜிங்கிபெரிஸ்’, லத்தீன் வழியாக ஆங்கில ‘ஜிஞ்சர்’. பண்டம் போன வழி தெரியும், ஒவ்வொரு துறைமுகத்திலும் சொல் எப்படி மாறியது என்பது எழுத்தில் இருக்கிறது. எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல்-கதீமில் ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. ‘பானை ஒறி’ (உறி) என்று படிக்கப்பட்ட ஓடும் அங்கே உண்டு. தாய்லாந்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. தமிழர் கடல் கடந்தார்கள் என்பதற்குக் கல்லும் மண்ணும் சாட்சி சொல்லும்போது, குழந்தையின் முனகலை ஏன் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

உறவுப் பெயர்களிலேயே சான்று வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது; மேடைகள் அதைத் தொடுவதே இல்லை. சங்கத் தமிழில் தாய்க்கு ஒரு சொல் இல்லை, மூன்று உண்டு. யாய் என்றால் என் தாய். ஞாய், உன் தாய். தாய், அவன் அல்லது அவள் தாய். தந்தையும் அப்படியே: எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. பெயருக்குள் ‘என்’, ‘உன்’, ‘தன்’ உருகிக் கலந்து கிடக்கின்றன. நுந்தை என்ற சொல்லுக்காகவே தொல்காப்பியம் சொல்முதல் குற்றியலுகரத்துக்கு இடம் ஒதுக்கியது. இன்று நாம் ‘என் தாய்’, ‘என் தம்பி’ என்று சொல்லும்போது, ‘என் அவன்-தாய்’ என்று சொல்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. இத்தகைய அமைப்பை எந்தக் குழந்தையும் தொட்டிலில் உளறி உருவாக்க முடியாது. பிற மொழியிலிருந்து ஒரு சொல்லை வாங்குவது போல இதை வாங்கவும் முடியாது. இது ஒரு குடும்பத்தில் வழிவழியாக மட்டுமே வரும்.

அப்படி வந்திருக்கிறது. ஜார்க்கண்டிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் ஓராவோன் மக்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் குருக் மொழி பேசுகிறார்கள். அவர்களிடம் ‘எம்பஸ்’ என் தந்தை, ‘நிம்பஸ்’ உன் தந்தை, ‘தம்பஸ்’ அவன் தந்தை. ‘இங்யோ’ என் தாய், ‘நிங்யோ’ உன் தாய், ‘தங்யோ’ அவன் தாய். எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். 1953-இல் மொழியியலாளர் எமனோ திராவிட உறவுப் பெயர்களைப் பற்றி எழுதிய கட்டுரை முதலாக ஆய்வாளர்களுக்கு இது தெரியும். சொற்கள் ஒத்து ஒலிக்கவில்லை. அமைப்பு அப்படியே நிற்கிறது. நாம் பேச்சில் கைவிட்ட வழக்கத்தை அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். சியோலுக்கு உறவு கொண்டாடும் நம் மேடைகளில் ராஞ்சியின் பெயரை இதுவரை நான் கேட்டதில்லை.